மூளைப் புற்றுநோய் ஆய்வுகளைப் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்துதான் நடத்த வேண்டுமா?

தாமிரபரணி:

அனைவருக்கும் வணக்கம். என் தாய்மாமாவுக்கு அண்மையில் மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. அகற்றிய கட்டி கிளையோபிளாஸ்டோமா என்ற, வேகமாக வளரும் மூளைப் புற்றுநோய் என்று பயாப்ஸி அறிக்கை வந்திருக்கிறது. கதிர்வீச்சும் டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரையும் விரைவில் தொடங்கவிருக்கின்றன. புதிய மருந்துக்கான ஆய்வு எதிலாவது அவரைச் சேர்க்க இயலுமா என்று மருத்துவரிடம் கேட்டேன். இந்த நோய்க்கான பெரிய ஆய்வுகளைப் பல நாடுகளின் மருத்துவமனைகள் கூட்டாகத்தான் நடத்துகின்றன என்றும், அவற்றைத் தொடங்குவதற்கே நீண்ட காலம் பிடிக்கும் என்றும், இப்போது மாமாவுக்குப் பொருந்துவதாக இங்கே ஒன்றும் நடைபெறவில்லை என்றும் அவர் பொறுமையாக விளக்கினார்.

யாரையும் குறை கூறுவதற்காக இதைக் கேட்கவில்லை. ஆண்டுதோறும் பல்லாயிரம் புற்றுநோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனைகள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. அவற்றுள் ஒன்று தானாகவே ஒரு புதிய மருந்தைச் சோதித்து, பலன் தெரிந்ததும் எல்லோருக்கும் கொடுத்தால் என்ன? எதற்காக எண்பது, நூறு மையங்கள் ஒன்றுகூடி, ஒரே திட்டத்துக்கு ஒப்புக்கொண்டு, அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்? இந்த நோய் வந்தவர்களிடம் அவ்வளவு காலம் இல்லையே. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் எங்கள் குடும்பத்துக்கு உதவியாக இருக்கும்.

எண்ணியல்:

உங்கள் மாமாவின் சிகிச்சை நல்லபடியாக நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நான் ஐரோப்பாவில் புற்றுநோய் ஆய்வுகளுக்கான புள்ளியியல் பணியில் இருக்கிறேன். உங்கள் கேள்விக்கான விடை, அவர் இப்போது எடுத்துக்கொள்ளப்போகும் அதே மாத்திரையின் வரலாற்றில் இருக்கிறது.

கிளையோபிளாஸ்டோமா ஆண்டொன்றுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ மூன்று பேருக்குத்தான் வருகிறது. எவ்வளவு பெரிய மருத்துவமனையாக இருந்தாலும், வரும் நோயாளிகளில் வயது, உடல்நிலை, அறுவை சிகிச்சையின் அளவு, சம்மதம் ஆகிய எல்லாம் பொருந்தி வருபவர்களை மட்டும் எண்ணினால், ஆண்டுக்குச் சில பத்துப் பேரே மிஞ்சுவார்கள். கதிர்வீச்சோடு டெமோசோலமைடு சேர்த்தால் பலன் உண்டா என்ற கேள்விக்கு விடை காண, பிரஸ்ஸல்ஸில் தலைமையகம் கொண்ட இ.ஓ.ஆர்.டி.சி. என்ற ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் கனடாவின் தேசியப் புற்றுநோய் ஆய்வுக் குழுவும் கைகோத்தன. 15 நாடுகளில் 85 மையங்கள், 573 நோயாளிகள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு மையத்துக்குச் சராசரியாக ஏழு பேர் கூட இல்லை. ஆனால் எல்லோரும் சேர்ந்ததால் 2000 ஆகஸ்ட் முதல் 2002 மார்ச் வரைக்குள் அத்தனை பேரும் சேர்க்கப்பட்டுவிட்டார்கள். ஒரே மருத்துவமனை இதைத் தனியாகச் செய்ய முயன்றிருந்தால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். கூட்டு முயற்சி காலத்தை வீணாக்குகிறது என்ற எண்ணத்தை இந்த ஒரு விவரத்தை வைத்தே மறுக்கலாம்.

2005-இல் வெளியான முடிவு இதுதான்: கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 12.1 மாதங்களைக் கடந்து வாழ்ந்தார்கள். மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 14.6 மாதங்கள். இரண்டரை மாத வேறுபாடுதானே என்று தோன்றலாம். ஆனால் இரண்டு ஆண்டுகளைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காட்டிலிருந்து 26.5 விழுக்காடாக உயர்ந்தார்கள். தொடர்ந்து கண்காணித்து 2009-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஐந்து ஆண்டுகளைக் கடந்தவர்கள் 1.9 விழுக்காட்டிலிருந்து 9.8 விழுக்காடாக உயர்ந்தார்கள். முப்பது அமர்வுகளில் 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு, அந்த ஆறு வாரங்களில் தினமும் குறைந்த அளவு டெமோசோலமைடு, பிறகு 28 நாட்களுக்கொரு முறை ஐந்து நாட்கள் கூடுதல் அளவு என்று உங்கள் மாமாவின் மருத்துவர் எழுதிக் கொடுத்திருப்பாரேயானால், அந்தத் திட்டம் இந்த ஆய்விலிருந்து வந்ததாகும்.

இரண்டரை மாத வேறுபாட்டை அறுபது, எழுபது பேரை வைத்து அறிந்துகொள்ள முடியாது. அது மருந்தினால் வந்ததா, தற்செயலா என்று பிரித்துச் சொல்ல நூற்றுக்கணக்கானவர்கள் தேவை. அதற்குத்தான் பல மையங்கள்.

கீழடி வாசகர்:

எண்ணியல் அவர்களின் விளக்கத்தை மதிக்கிறேன், ஆனாலும் ஒரு கேள்வி நெருடுகிறது. ரோஜர் ஸ்டப் என்ற மருத்துவரின் குழு சுவிட்சர்லாந்தின் லொசான் நகரை மையமாகக் கொண்டு 64 நோயாளிகளிடம் இதே சிகிச்சையைச் செய்து பார்த்து, 2002-லேயே ஏறத்தாழ 16 மாதங்கள் என்ற முடிவை வெளியிட்டது. அதாவது சிறிய ஆய்வு சொன்னதைத்தான் பெரிய ஆய்வும் பிறகு சொன்னது. பெரிய ஆய்வில் 286 பேருக்குக் கதிர்வீச்சு மட்டுமே கொடுக்கப்பட்டது. அந்த 286 குடும்பங்களின் இடத்தில் இருந்து யோசிக்கும்போது, உறுதிப்பாடு என்ற ஒன்றுக்காக நாம் எதை விலையாகக் கொடுக்கிறோம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

எண்ணியல்:

கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் சிறிய ஆய்வு சொன்னது சரியாக இருந்தது என்பது, பெரிய ஆய்வு முடிந்த பிறகுதான் யாருக்கும் தெரிந்தது. நடக்கும்போது அது தெரியாது. அதற்கு நேர்மாறாக முடிந்தவையும் உண்டு.

இத்தாலியில் 10 மையங்கள் சேர்ந்து, நோய் திரும்பி வந்த 119 பேரிடம் ரெகோரஃபெனிப் என்ற மருந்தைச் சோதித்தன. பழைய மருந்தான லோமஸ்டின் பெற்றவர்களுக்கு 5.6 மாதங்கள், ரெகோரஃபெனிப் பெற்றவர்களுக்கு 7.4 மாதங்கள் என்று 2019-இல் முடிவு வெளியானது. நம்பிக்கை பிறந்தது, பல இடங்களில் மருந்தை எழுதிக் கொடுக்கவும் தொடங்கினார்கள். பிறகு ஜி.பி.எம். அஜைல் என்ற பெரிய கூட்டாய்வில் அதே மருந்து சோதிக்கப்பட்டபோது ஆயுள் நீளவில்லை. அந்தப் பிரிவு மூடப்பட்டது. சிலெங்கிடைடு என்ற மருந்தின் கதையும் அப்படியே. தொடக்கநிலை ஆய்வுகள் நம்பிக்கை அளித்தன. அதன் பிறகு 25 நாடுகளில் 146 மையங்கள் 3,471 பேரைப் பரிசோதித்து, பொருத்தமான 545 பேரைத் தேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2014-இல் வந்தது. பலன் எதுவும் இல்லை.

சிறிய ஆய்வில் பெரும்பாலும் உடல் தெம்பு உள்ளவர்கள், இளையவர்கள், கட்டியை முழுமையாக அகற்ற முடிந்தவர்கள் சேர்கிறார்கள். அவர்கள் எந்த மருந்தைப் பெற்றாலும் கூடுதல் காலம் வாழ்வார்கள். அந்த மாதங்களை மருந்தின் கணக்கில் எழுதிவிட்டால், அடுத்து வரும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணத்தையும், எஞ்சியிருக்கும் நல்ல நாட்களையும் பயனற்ற மருந்துக்குக் கொடுத்துவிடும். அந்தக் குடும்பங்கள் எந்த ஆய்வின் கணக்கிலும் பதிவாவதில்லை.

அளவுமானி:

நான் கதிர்வீச்சு சிகிச்சைத் துறையில் மருத்துவ இயற்பியலாளராக இருக்கிறேன். மையங்களின் எண்ணிக்கையைப் பற்றி மட்டுமே பேச்சு போவதால், என் அனுபவத்திலிருந்து வேறொன்றைச் சொல்ல விரும்புகிறேன். மையங்கள் பெருகினால் மட்டும் போதாது. எல்லா மையங்களும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று சரிபார்க்காவிட்டால், பெருகுவதே கேடாக முடியும்.

இதற்கு மிகத் தெளிவான சான்று தலை, கழுத்துப் புற்றுநோய் ஆய்வொன்றில் கிடைத்தது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து கதிர்வீச்சு ஆய்வுக் குழு ஒருங்கிணைத்த அந்தப் பன்னாட்டு ஆய்வில், ஒவ்வொரு நோயாளியின் கதிர்வீச்சுத் திட்டத்தையும் பின்னர் எடுத்து ஆராய்ந்தார்கள். திட்டம் பெரிதும் பிழைபட்டிருந்தவர்களில் இரண்டு ஆண்டுகளைக் கடந்தவர்கள் 50 விழுக்காடு. சரியாக இருந்தவர்களில் 70 விழுக்காடு. இந்த இடைவெளி, அந்த ஆய்வு சோதிக்க வந்த மருந்தினால் எதிர்பார்க்கப்பட்ட பலனைவிடப் பெரியது. மேலும், ஐந்துக்கும் குறைவான நோயாளிகளைச் சேர்த்த மையங்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுத் திட்டங்களில் பெரும் பிழை இருந்தது. இருபதுக்கு மேல் சேர்த்த மையங்களில் அது 5 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. 2010-இல் வெளியான இந்த முடிவைப் படித்த பிறகு, தரச் சோதனை இல்லாத கூட்டாய்வை நான் நம்புவதில்லை.

ஆகவே இன்று ஒரு மையம் ஆய்வில் சேரும்முன், மாதிரி நோயாளி ஒருவரின் ஸ்கேன் படங்களை அதற்கு அனுப்புகிறார்கள். கட்டியின் எல்லையை எங்கே வரைகிறீர்கள், பார்வை நரம்பையும் மூளைத்தண்டையும் எப்படிக் காக்கிறீர்கள் என்று வரைந்து காட்ட வேண்டும். கதிர்வீச்சுக் கருவி சொல்லும் அளவும் உண்மையில் வெளிவரும் அளவும் ஒன்றுதானா என்று பார்க்க, சிறிய அளவுமானிகள் தபாலில் வரும். அவற்றைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இத்தகைய தபால்வழிச் சோதனையை நெடுங்காலமாகச் செய்துவருகிறது. வெளியே தெரியாத வேலை இது. ஆனால் இது இல்லாமல், சென்னையில் கொடுத்த 60 கிரேயும் மார்சேயில் கொடுத்த 60 கிரேயும் ஒன்று என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

எம்.ஆர்.ஐ. படங்களுக்கும் இதே விதிதான். கதிர்வீச்சு முடிந்த முதல் சில மாதங்களில் ஸ்கேனில் கட்டி பெரிதானது போலத் தோன்றலாம். உண்மையில் அது சிகிச்சையினால் வந்த வீக்கமாகவும் இருக்கலாம். ஒரு மருத்துவமனை அதை நோய் முற்றியதாகக் கருதி மருந்தை நிறுத்தும், இன்னொன்று பொறுத்திருக்கும். இரண்டின் கணக்கையும் ஒன்றாகக் கூட்டினால் என்ன பொருள் கிடைக்கும்? மூளைக் கட்டி சிகிச்சைக்குக் கட்டுப்படுகிறதா என்று மதிப்பிட 2010-இல் வந்த ரானோ அளவுகோல்கள் இதற்கு ஒரு பொது விதியைத் தந்தன: கதிர்வீச்சு முடிந்து 12 வாரங்களுக்குள் தோன்றும் வளர்ச்சியை, அது கதிர்வீச்சுப் பட்ட இடத்துக்கு வெளியே இருந்தாலோ, திசுப் பரிசோதனையில் உறுதியானாலோ ஒழிய, நோய் முற்றியதாக எண்ணக் கூடாது. மூளையை எத்தனை மில்லிமீட்டர் தடிமனான துண்டுகளாகப் படமெடுப்பது என்பதற்கான பொது நடைமுறை 2015-இல் வந்தது.

தாமிரபரணி:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. அளவுமானி அவர்கள் எழுதிய 12 வாரங்கள் பற்றிய செய்தியை நான் குறித்துவைத்துக்கொண்டேன். மாமாவுக்கு அடுத்த ஸ்கேன் எடுக்கும்போது அது எங்களைப் பீதியிலிருந்து காக்கக்கூடும்.

ஆனால் கீழடி வாசகர் எழுப்பிய கேள்வி என் மனத்தில் இன்னும் இருக்கிறது. ஸ்கேனில் கட்டி சுருங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகும், ஆயுள் நீள்கிறதா என்று ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது ஏன்?

எண்ணியல்:

பெவாசிசுமாப் என்ற மருந்து இதற்கு நேரடியான விடை. அது கட்டிக்குப் போகும் புதிய இரத்தக் குழாய்களைத் தடுக்கிறது. கொடுத்த சில நாட்களிலேயே எம்.ஆர்.ஐ. படம் வியக்கத்தக்க விதத்தில் தெளிவடையும். 921 பேர் கலந்துகொண்ட பன்னாட்டு ஆய்வில், நோய் முற்றாமல் இருந்த காலம் 6.2 மாதங்களிலிருந்து 10.6 மாதங்களாக நீண்டது. ஆனால் மொத்த ஆயுள்? 16.7 மாதங்களும் 16.8 மாதங்களும். அதாவது வேறுபாடே இல்லை. அமெரிக்காவில் 637 பேரிடம் தனியே நடந்த இன்னொரு ஆய்வும் ஆயுள் நீளவில்லை என்றே சொன்னது. இரண்டும் 2014-இல் ஒன்றாக வெளியாயின. இரண்டு வலையமைப்புகள் தனித்தனியே கேட்டு ஒரே விடையைப் பெற்றதால்தான் விவாதம் அத்தோடு நின்றது. மூளை வீக்கத்தைக் குறைத்து ஸ்டீராய்டு தேவையைக் குறைப்பதால் அம்மருந்துக்கு இன்றும் ஒரு பயன் உண்டு. ஆனால் படம் தெளிந்ததை மட்டும் நம்பியிருந்தால், அதை ஆயுள் நீட்டும் மருந்து என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டிருப்போம்.

புதிய மருந்து இல்லாமல் வழக்கமான சிகிச்சை மட்டும் பெறும் ஒப்பீட்டுக் குழுவில் சேர்பவர்களைப் பற்றிய கவலையை ஆய்வாளர்களும் உணர்ந்திருக்கிறார்கள். நான் முன்பு குறிப்பிட்ட ஜி.பி.எம். அஜைல் 2019-இல் அமெரிக்காவில் தொடங்கி கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் விரிந்தது. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி ஒப்பீட்டுக் குழு வைக்காமல், எல்லா மருந்துகளுக்கும் பொதுவாக ஒரே ஒப்பீட்டுக் குழு வைத்திருப்பது அதன் முதல் சிறப்பு. சேர்ந்துகொண்டே போகும் தரவைப் பார்த்து, பலன் தருவதாகத் தெரியும் மருந்தின் பக்கம் புதிய நோயாளிகளைக் கூடுதலாக அனுப்புவதும், பலனற்றதாகத் தெரியும் மருந்தை முன்கூட்டியே நிறுத்துவதும் இரண்டாவது சிறப்பு. ஒரு மருந்து வெளியேறினால் அதே மையங்களில், அதே ஒப்பந்தத்தில் அடுத்த மருந்து உள்ளே வருகிறது. இதுவரை வெளியேறிய மருந்துகள் பல என்பது வருத்தம்தான். ஆனால் பலனற்றது என்று விரைவாக அறிந்துகொள்வதும் அந்த நோயாளிகளுக்குச் செய்யும் உதவியே.

வடக்கு வீதி:

நான் ஒன்டாரியோவில் ஒரு மருத்துவமனையில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராகப் பணிபுரிகிறேன். காலம் எங்கே போகிறது என்று தாமிரபரணி கேட்டிருந்தார். நோயாளிகளைச் சேர்ப்பதில் போவதைவிட, சேர்க்கத் தொடங்குவதற்கு முன்பு போவது மிகுதி. ஒரே ஆய்வுத் திட்டத்தை ஒவ்வொரு மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவும் தனித்தனியாகப் படித்து, ஒப்புதல் படிவத்தில் ஆளுக்கொரு சொல்லை மாற்றச் சொல்லும். அதைவிட நீளமானது ஒப்பந்தம். காப்பீடு யாருடையது, தரவு யாருக்குச் சொந்தம், கட்டுரை வெளியிடும் உரிமை யாருக்கு என்று சட்டப் பிரிவுகள் மாதக்கணக்கில் கடிதம் எழுதிக்கொள்ளும். நான் முன்பு இருந்த ஓரிடத்தில், எல்லா அனுமதியும் கிடைத்த நாளில் அந்த ஆய்வே வேறு மையங்களில் நிறைவடைந்துவிட்டது. அதற்காகக் காத்திருந்த நோயாளிகளிடம் அதைச் சொல்லும் வேலை எனக்கு வாய்த்தது. இந்தத் தாமதத்தில் அறிவியல் எதுவும் இல்லை. இதைக் குறைத்தே ஆகவேண்டும் என்பதில் நான் தாமிரபரணியின் பக்கம் நிற்கிறேன்.

சில நாடுகள் குறைக்கத் தொடங்கிவிட்டன. அமெரிக்காவில் அரசின் தேசியச் சுகாதார நிறுவனம் (என்.ஐ.எச்.) தரும் நிதியில் நடக்கும் பல மைய ஆய்வுகளுக்கு ஒரே நெறிமுறைக் குழுவின் அனுமதி போதும் என்ற விதி 2018-இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 சனவரி 31 முதல் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் ஒரே விண்ணப்பம். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்து மற்றும் ஆய்வு விதிகள், தனக்கென நெறிமுறைக் குழு இல்லாத மையம், அதே நகரில் அல்லது 50 கிலோமீட்டருக்குள் உள்ள இன்னொரு குழுவின் அனுமதியைப் பெற வழிசெய்கின்றன.

திசுவியல்:

நோய்க்குறியியல் துறையில் இருப்பவள் என்ற முறையில் நான் சேர்க்க விரும்புவது திசுவைப் பற்றியது.

573 பேர் கலந்துகொண்ட அந்த ஆய்வில், கட்டியில் எம்.ஜி.எம்.டி. என்ற மரபணு செயல்படாமல் அடங்கியிருக்கிறதா, இயங்குகிறதா என்பதை மோனிகா ஹெகியின் குழு சோதித்தது. டெமோசோலமைடு சேதப்படுத்திய மரபுப்பொருளைச் செப்பனிடும் புரதத்தைத் தருவது அந்த மரபணு. அது அடங்கியிருந்த நோயாளிகளுக்கு மாத்திரை சேர்த்ததால் 15.3 மாதங்கள் 21.7 மாதங்களாயின. அடங்காதவர்களுக்கு 11.8 மாதங்கள் 12.7 மாதங்களாயின, அந்த வேறுபாட்டை உறுதியாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இன்று சிகிச்சையைத் திட்டமிடும் மருத்துவர்கள் பொதுவாகக் கேட்கும் இந்தச் சோதனையின் முடிவு, 573 பேரில் 206 பேருக்குத்தான் அன்று கிடைத்தது. எல்லோரிடமும் தக்க திசு திரட்டப்பட்டிருக்கவில்லை. அன்றிலிருந்து, திசுவைச் சேமிக்காத கூட்டாய்வு அரைகுறையானது என்ற எண்ணம் துறையில் வேரூன்றியது.

இதைவிட என்னைப் பாதித்தது ஒலிகோடென்ட்ரோகிளையோமா என்ற இன்னொரு மூளைக் கட்டியின் வரலாறு. ஒன்றாம், பத்தொன்பதாம் குரோமோசோம்களில் குறிப்பிட்ட பகுதிகள் இழந்த கட்டிகள் கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படுகின்றன என்று கனடாவின் கிரிகோரி கேர்ன்கிராஸ் குழு 1998-இல் காட்டியது. அந்தக் காலத்திலேயே வட அமெரிக்காவில் 291 பேரிடமும் ஐரோப்பாவில் 368 பேரிடமும் இரண்டு ஆய்வுகள் நடந்துகொண்டிருந்தன. கதிர்வீச்சோடு பி.சி.வி. என்ற மூன்று மருந்துகளின் கூட்டைச் சேர்த்தால் பலன் உண்டா என்பதே இரண்டின் கேள்வி. 2006-இல் இரண்டும் முடிவை வெளியிட்டன: ஆயுள் நீளவில்லை. பெரும்பாலான ஆய்வுகள் அத்தோடு கோப்பை மூடியிருக்கும். இந்த இரண்டு குழுக்களும் மூடவில்லை. இருபுறமும் மையங்கள் நோயாளிகளை விடாமல் கண்காணித்தன. 2013-இல் நீண்டகால முடிவு வந்தபோது, அந்தக் குரோமோசோம் இழப்பு உள்ளவர்களில் பாதிப்பேர், வட அமெரிக்க ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றால் 7.3 ஆண்டுகளையும், பி.சி.வி.யும் சேர்த்துப் பெற்றால் 14.7 ஆண்டுகளையும் கடந்திருந்தார்கள். ஐரோப்பிய ஆய்வும் அதே திசையில் காட்டியது. ஆயுள் இரட்டிப்பாகும் சிகிச்சை ஒன்று, பலனற்றது என்ற பட்டியலில் ஏழு ஆண்டுகள் கிடந்தது. அதை மீட்டது புதிய மருந்தன்று. பழைய ஒப்பந்தத்தை மதித்து, ஆண்டுதோறும் தொலைபேசியில் அழைத்து, படிவம் நிரப்பிய பணியாளர்களே மீட்டார்கள்.

மையங்கள் சேர்வதன் முழுப்பயன் எனக்கு இங்கேதான் தெரிகிறது. அதிக நோயாளிகளைத் திரட்டுவதைவிடக் கடினமானது, எல்லோரும் ஒரே விதமாக, நெடுங்காலம், கைவிடாமல் கவனிப்பது.

கீழடி வாசகர்:

திசுவியல் அவர்களே, மனத்தில் தங்கும் பதிவு. ஆனாலும் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பேன். ஐ.டி.எச்.1 மரபணு மாற்றத்தை 2008-இல் கண்டுபிடித்தது நூறு மையங்களின் கூட்டு அன்று. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு 22 கட்டிகளின் மரபணுக்களைத்தான் வரிசைப்படுத்தியது. அந்தக் கண்டுபிடிப்பு மூளைக் கட்டிகளின் வகைப்பாட்டையே மாற்றியது. எல்லாப் பணத்தையும் மாபெரும் கூட்டாய்வுகளிலேயே கொட்டினால், இத்தகைய சிறு குழுக்களுக்கு என்ன மிஞ்சும்?

திசுவியல்:

கண்டறிவதற்குச் சிறு குழு போதும் என்பதை நான் மறுக்கவில்லை. அது மருந்தாக நோயாளியின் கைக்கு வந்த பாதையையும் சேர்த்துப் பாருங்கள். ஐ.டி.எச். மாற்றம் உள்ள கட்டிகளுக்கான வோராசிடெனிப் என்ற மாத்திரையை, 10 நாடுகளில் 77 மையங்கள் 331 பேரிடம் சோதித்தன. நோய் முற்றாமல் இருந்த காலம் 11.1 மாதங்களிலிருந்து 27.7 மாதங்களாக நீண்டது என்று 2023-இல் வெளியானது. 2024 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதி வழங்கியது. கண்டுபிடிப்புக்கும் மருந்துக்கும் இடையே பதினாறு ஆண்டுகள். இந்த ஆய்வின் நோயாளிகளையும் நெடுங்காலம் கண்காணிக்க வேண்டும் என்பதே என் கவலை.

அளவுமானி:

தரவை வெளியே அனுப்பத் தயங்கும் மருத்துவமனைகளைப் பற்றியும் ஒரு சொல். தலையின் எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து முகத்தை மீண்டும் உருவாக்கிவிட முடியும்; ஆகவே பெயரை நீக்கினால் மட்டும் அடையாளம் மறையாது, முகப்பகுதியையும் நீக்க வேண்டும். 2022-இல் ஆறு கண்டங்களில் 71 மையங்கள் 6,314 கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளின் படங்களைக் கொண்டு, கட்டியின் எல்லையை வரையும் கணினி நிரல் ஒன்றைப் பயிற்றின. படங்கள் எவையும் அந்தந்த மருத்துவமனையை விட்டு வெளியேறவில்லை. நிரல்தான் ஒவ்வோர் இடத்திலும் கற்றுக்கொண்டு, கற்றதை மட்டும் பகிர்ந்துகொண்டது. தரவைக் கொடுக்காமலும் கூட்டாகக் கற்க முடியும் என்பதற்கு இது நல்ல முன்மாதிரி.

மரகதவல்லி:

குழந்தைகளின் மூளைக் கட்டிகளைப் பற்றியும் யாராவது குறிப்பிட வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவை இன்னும் அரிதானவை என்பதால், பகிராமல் ஒரு அடிகூட நகர முடியாது. ஃபிலடெல்ஃபியாவின் குழந்தைகள் மருத்துவமனையை மையமாகக் கொண்டு 2011-இல் தொடங்கிய குழந்தைகள் மூளைக் கட்டி வலையமைப்பு, திசுக்களையும் மரபணுத் தரவையும் திரட்டி, உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்குத் திறந்துவைக்கிறது. தம் குழந்தையை இழந்த பிறகும் திசுவைத் தானமாகக் கொடுத்த பெற்றோர்களும் அதில் உண்டு. அவர்கள் கொடுத்ததை எந்த மருத்துவமனையும் தன் உறைபெட்டியில் பூட்டிவைத்திருக்கக் கூடாது.

கீழடி வாசகர்:

இந்தியாவின் நிலை பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. டாடா நினைவு மையம் ஒருங்கிணைக்கும் நேஷனல் கேன்சர் கிரிட் 2012-இல் உருவானது. இன்று 300-க்கும் மேற்பட்ட மையங்கள் அதில் இருக்கின்றன. அடையாறு புற்றுநோய் நிலையமும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் உறுப்பினர்கள். இவ்வளவு பெரிய வலையமைப்பு இருந்தும், தாமிரபரணியின் மாமாவுக்கு இங்கே ஓர் ஆய்வும் திறந்திருக்கவில்லை என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

எண்ணியல்:

பெரிய மருந்து ஆய்வுகள் பெரும்பாலும் மருந்து நிறுவனங்களின் பணத்தில் நடக்கின்றன. மருந்து முதலில் எங்கே விற்கப்படுமோ அங்கே மையங்களைத் திறக்கின்றன. இந்திய வலையமைப்புகள் அந்த அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. எந்த நிறுவனத்துக்கும் இலாபம் தராத, ஆனால் நம் நோயாளிகளுக்கு மிகவும் தேவையான கேள்விகள் நிறைய உள்ளன.

முதியவர்களுக்குக் கதிர்வீச்சை எத்தனை நாட்கள் கொடுப்பது என்பது அத்தகைய ஒன்று. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 562 பேரிடம் கனடாவும் ஐரோப்பாவும் ஆஸ்திரேலியக் குழுவும் சேர்ந்து நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரங்களுக்குப் பதிலாக மூன்றே வாரங்களில் 15 அமர்வுகளாகக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அதோடு டெமோசோலமைடு சேர்த்தபோது ஆயுள் 7.6 மாதங்களிலிருந்து 9.3 மாதங்களாக நீண்டது. பன்னாட்டு அணுசக்தி முகமை ஒருங்கிணைத்த இன்னோர் ஆய்வில், முதியவர்களும் உடல் நலிந்தவர்களுமான 98 பேரில், ஒரு வாரத்தில் முடியும் ஐந்து அமர்வுகள் மூன்று வாரச் சிகிச்சைக்குக் குறைந்தவையாகத் தெரியவில்லை. தொலைவிலுள்ள ஊரிலிருந்து வந்து, அறை எடுத்துத் தங்கி, வேலையை விட்டுவிட்டுத் துணைக்கு இருக்கும் குடும்பத்துக்கு ஆறு வாரம் எங்கே, ஒரு வாரம் எங்கே! 98 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் கேட்கும் வசதியும் காரணமும் இந்திய மையங்களுக்கு எல்லோரையும்விட அதிகம்.

தாமிரபரணி:

உங்கள் அனைவரின் பதிவுகளையும் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். மாமாவே கேட்ட கேள்வி இது: ஆய்வு எதிலும் சேர முடியாவிட்டாலும், நாங்கள் இப்போது செய்துவைக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

திசுவியல்:

உண்டு, அம்மா. அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையில், அவருடைய கட்டியின் திசு அடங்கிய மெழுகு பிளாக்குகள் பாதுகாப்பாக உள்ளனவா என்று எழுத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஐ.டி.எச்., எம்.ஜி.எம்.டி. சோதனைகள் செய்யப்பட்டனவா என்று பயாப்ஸி அறிக்கையில் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பிளாக்கிலிருந்தே செய்துகொள்ளலாம். வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்தால், ஸ்லைடுகளோடு பிளாக்கையும் கையொப்பமிட்டு வாங்கி, வேலை முடிந்ததும் மறவாமல் திருப்பிச் சேருங்கள்.

வடக்கு வீதி:

அதோடு, அறுவைக்கு முன்பும் பின்பும் எடுத்த எம்.ஆர்.ஐ.களை அச்சிட்ட ஃபிலிமாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், மூலப் படங்களைக் குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். கதிர்வீச்சு முடிந்ததும் எந்த இடத்துக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற சுருக்கமும் தேவை. நோய் திரும்பி வந்தால் ஏதேனும் ஓர் ஆய்வு அவருக்குத் திறக்கலாம். அப்போது முதலில் கேட்கப்படுபவை இவைதான். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் நோயின் பெயரை இட்டுத் தேடினால், எந்த ஊரில் எந்த ஆய்வு ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரியும். அதை மாதம் ஒரு முறை பாருங்கள். பொருந்துவதாகத் தோன்றும் ஆய்வின் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, உங்கள் மருத்துவரிடமே முதலில் காட்டுங்கள்.